‘மூச்சுத்திணறி’ என்று எழுத வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்காலம் வந்தால் மலையூர்களிலிருந்து ஒரே மாதிரி செய்தி வருகிறது. அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழவில்லை. ‘புகையில் மூச்சுத்திணறிச் சாவு’ என்று தலைப்பு போடுகிறார்கள். அந்த அறையில் புகையும் இருந்திருக்காது, யாருக்கும் மூச்சும் திணறியிருக்காது. கொன்றது கார்பன் மோனாக்சைடு என்ற, கண்ணுக்குத் தெரியாத விஷவாயு. படிப்பவர்களோ, ‘புகை வந்தால் தெரியாதா, மூச்சு முட்டினால் முழிப்பு வராதா’ என்று தைரியமாக இருந்துவிடுகிறார்கள்.

நானும் அப்படி இருந்தவள்தான். குன்னூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு டிசம்பரில் தங்கை குடும்பம் வந்திருந்தது. ராத்திரி முற்றத்தில் கரி போட்டுக் கோழி சுட்டோம். சாப்பிட்டு முடித்தும் கங்கு தகதகவென்று இருந்தது. புகைதான் அடங்கிவிட்டதே, பிள்ளை குளிரில் நடுங்குகிறதே என்று இரும்புச் சட்டியோடு தூக்கி அவர்கள் படுத்த அறையில் நானே வைத்தேன். ஜன்னல் இடுக்கில் துணியும் அடைத்தேன். நடுராத்திரியில் பாத்ரூம் போக எழுந்த தங்கை மகள் கால் மடங்கி விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். “தலை வலிக்குது பெரியம்மா” என்றாள். தங்கையையும் அவள் கணவரையும் உலுக்கியும் கண் திறக்கவில்லை. இழுத்துக்கொண்டு வந்து வராந்தாவில் போட்டோம்.

ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிய கருவி 98 காட்டியது. ஆக்சிஜன் நன்றாகத்தான் இருக்கிறது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல என்றார்கள். கரிச்சட்டி விஷயத்தைச் சொன்ன பிறகுதான் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். ரத்தத்தில் ஏறியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாதாம். மூவரும் பிழைத்தது அந்தச் சின்னப் பெண் எழுந்ததால்.

கரிக்குக் காற்று தாராளமாகக் கிடைத்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். சட்டிக்குள் குவிந்த கங்கில் அது நடப்பதில்லை. அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே உள்ள சிவந்த கரி வழியாக ஏறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறிவிடுகிறது. கங்கின் மேல் நீலமாகச் சின்னச் சுடர் ஆடுமே, அது இந்த வாயு எரிவதுதான். எரியாமல் மிஞ்சியது அறையில் சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சிலிண்டர் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றம் சேர்க்கிறார்கள். இதற்கு யார் சேர்ப்பது?

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. சாதாரணக் காற்றில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். மூச்சு முட்டுவது பெரும்பாலும் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால்தான். இங்கே மூச்சு வழக்கம்போலப் போய்வருகிறது, அதனால் உடம்பு எச்சரிப்பதே இல்லை. தலைவலி, குமட்டல், கைகால் சோர்வு, அப்புறம் தூக்கம். தூங்குகிறவருக்குத் தலைவலிகூடத் தெரியாது.

கரி மட்டும் என்றில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலையில், கேரளத்திலிருந்து போன 8 பேர், அதில் 4 குழந்தைகள், கதவு ஜன்னல் சாத்திய அறையில் கேஸ் ஹீட்டரோடு படுத்து இறந்துபோனார்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசரும் இதைச் செய்யும்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், தலைப்பிலேயே ‘கார்பன் மோனாக்சைடு’ என்று போடுங்கள். ‘புகை இல்லாத கங்கையும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்’ என்று கீழே ஒரு வரி சேருங்கள். அன்று ராத்திரி எனக்கு அந்த ஒரு வரி தெரிந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குன்னூர்