குத்தகை நீடிப்பு அறிவித்தல் உங்கள் அலுவலகத்தின் தவறால் காலாவதியானது தொடர்பான புகார்

ஹரோ, லண்டன்
10 பெப்ரவரி 2025

புகார்களுக்குப் பொறுப்பான பங்காளர் அவர்களுக்கு,

ஐயா / அம்மணி,

இக்கடிதத்தை உங்கள் சட்டத்தரணி நிறுவனத்தின் நடைமுறைப்படி எங்களுடைய முறையான புகாராகப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஹரோவில் நானும் மனைவியும் 2011ஆம் ஆண்டிலிருந்து கூட்டாக வைத்திருக்கும் குடியிருப்பின் குத்தகையை நீடித்துத் தரும் வேலையை 2024 ஜனவரியில் உங்களிடம் ஒப்படைத்தோம். அந்த வேலையில் சட்டம் விதித்திருந்த ஒரு கடைசி நாளை உங்கள் அலுவலகம் தவறவிட்டது. தவறவிட்டதை மூன்று மாதங்களுக்கு மேலாக எங்களுக்குச் சொல்லவும் இல்லை.

தமிழில் சேவை வழங்குவதாக நீங்கள் விளம்பரம் செய்ததைப் பார்த்தே உங்களிடம் வந்தோம். என் மனைவிக்குச் சட்ட ஆங்கிலம் பிடிபடாது. வீட்டில் பாதி உரிமை அவருடையது என்பதால், இக்கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் அவரும் வாசித்து ஒப்ப வேண்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன். பதிலையும் தமிழில் எதிர்பார்க்கிறோம்.

எங்களுடையது 2005 ஜூன் 24 அன்று தொடங்கிய 99 வருடக் குத்தகை. மீதமுள்ள காலம் 80 வருடங்களாகவோ அதற்குக் குறைவாகவோ ஆகிவிட்டால், நீடிப்புக்கான விலையோடு ‘மேரேஜ் வேல்யூ’ என்ற தொகையும் சேர்ந்துவிடும் என்பதையும், குத்தகை நீடிக்கப்படுவதால் குடியிருப்பின் மதிப்பில் ஏற்படும் அந்த உயர்வில் பாதியை நில உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டிவரும் என்பதையும் நாங்கள் அறிந்தே வந்தோம். எங்களுக்கு அந்த எல்லை 2024 ஜூன் 24. முதல் சந்திப்பிலேயே இதைச் சொன்னேன், அடுத்த நாள் மின்னஞ்சலிலும் எழுதினேன். அவசரம் எதற்கு என்று உங்கள் அலுவலர் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

தொடக்கத்தில் வேலை ஒழுங்காகவே நடந்தது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். குத்தகையை நீடிக்கும் உரிமையைத் தரும் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, மேலதிகமாக 90 வருடங்களும் நிலவாடகை இல்லாத குத்தகையும் கோரும் அறிவித்தல் 2024 பெப்ரவரி 12 அன்று, 80 வருடங்களும் நான்கு மாதங்களும் மீதமிருந்தபோது, நில உரிமையாளருக்குக் கொடுக்கப்பட்டது. விலை அறிவித்தல் கொடுத்த நாளை வைத்தே கணிக்கப்படும் என்பதால் மேரேஜ் வேல்யூ எங்களைத் தொடாது என்று அன்று நிம்மதியடைந்தோம். நாங்கள் 9,500 பவுண் தருவதாகச் சொல்லியிருந்தோம். ஏப்ரல் 15 அன்று நில உரிமையாளரிடமிருந்து வந்த எதிர் அறிவித்தல் எங்கள் உரிமையை ஏற்று, 16,400 பவுண் கேட்டது. பிறகு இருதரப்பு மதிப்பீட்டாளர்களும் பேசி, கோடையின் முடிவில் 12,000க்கும் 12,500க்கும் இடையில் வந்து நின்றார்கள். பாக்கியிருந்தது ஐந்நூறு பவுண் வித்தியாசம் மட்டுமே.

எதிர் அறிவித்தல் கிடைத்து இரண்டு மாதங்களுக்குப் பிறகு, ஆறு மாதங்கள் முடிவதற்குள், விலையில் உடன்பாடு வராவிட்டால் தீர்ப்பாயத்தில் விண்ணப்பம் போட்டாக வேண்டும். போடாவிட்டால் எங்கள் அறிவித்தலை நாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தாலும் பாதுகாப்புக்காக அந்த விண்ணப்பத்தைப் போட்டுவைப்பது இத்துறையில் சாதாரண வழக்கம் என்று இப்போது நாங்கள் அணுகியிருக்கும் வேறொரு சட்டத்தரணி சொல்கிறார். எங்களுக்கான கடைசி நாள் 2024 ஒக்டோபர் 14. அந்த விண்ணப்பம் போடப்படவில்லை.

எங்கள் கோப்பைப் பார்த்துவந்த அலுவலர் ஓகஸ்ட் மாதத்தில் உங்கள் நிறுவனத்தை விட்டு விலகினார் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அவருக்குப் பதிலாக யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட எங்களுக்கு எழுதப்படவில்லை. இருந்தும் செப்டெம்பர் 23 அன்று நானே மின்னஞ்சல் அனுப்பி, “இந்த விடயத்தில் நாங்கள் கவனிக்க வேண்டிய கடைசி நாள் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டேன். இரண்டு நாட்களில் பதில் வந்தது: “மதிப்பீட்டாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.” அந்தப் பதில் வந்தபோது இன்னும் பத்தொன்பது நாட்கள் இருந்தன. கோப்பைத் திறந்து எதிர் அறிவித்தலின் திகதியைப் பார்த்திருந்தால் போதும். தவறு யாருக்கும் நேரலாம் என்று தொலைபேசியில் எனக்குச் சொல்லப்பட்டது. கேட்ட கேள்விக்கு, பாராமலே பதில் சொல்வதை அந்த வகையில் சேர்க்க என்னால் முடியவில்லை.

நடந்தது எங்களுக்கு உங்கள் வாயிலாகத் தெரியவரவில்லை. இவ்வருடம் ஜனவரி 20 அன்று நில உரிமையாளரின் சட்டத்தரணிகள், அறிவித்தல் காலாவதியானதால் அதுவரையான தங்கள் சட்ட, மதிப்பீட்டுச் செலவாக 2,340 பவுண் கேட்டு எங்களுக்கு நேரடியாக எழுதினார்கள். சட்டப்படி நியாயமான செலவை நாங்களே கொடுக்க வேண்டும். அக்கடிதத்தை என் மனைவிதான் முதலில் பிரித்தார். வீடு கையைவிட்டுப் போகிறதோ என்று அன்று முழுவதும் அவர் அழுததை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அறிவித்தல் காலாவதியானதால், இனி 2025 ஒக்டோபர் நடுப்பகுதி வரை எங்களால் புதிய அறிவித்தல் கொடுக்க முடியாது. கொடுக்கும்போது மீதமிருப்பது 78 வருடங்களும் எட்டு மாதங்களும்தான். எங்கள் மதிப்பீட்டாளரின் புதிய கணிப்பு, மேரேஜ் வேல்யூவையும் சேர்த்து, 18,700 பவுண்.

உங்கள் அலுவலகம் இதற்குச் சொன்ன இரண்டு சமாதானங்களையும் நாங்கள் ஏற்கவில்லை. 2024 மே 24 அன்று அரச ஒப்புதல் பெற்ற புதிய சட்டம் மேரேஜ் வேல்யூவை ஒழித்துவிடும், பொறுத்திருங்கள் என்கிறீர்கள். அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, அதற்கான நாளும் அறிவிக்கப்படவில்லை. எங்கள் குத்தகையோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருக்கிறது. மற்றது, 16,000 பவுணுக்கு 125 வருடங்களாக ஆக்கித் தருவதாக நில உரிமையாளர் தனிப்பட்ட முறையில் சொல்வதை ஏற்கும்படி சொல்கிறீர்கள். அதன்படி 2104 வரை இப்போதைய நிலவாடகையைத் தொடர்ந்து கட்ட வேண்டும். நாங்கள் கோரியதைவிடக் குறைந்த ஒன்றைக் கூடிய விலைக்கு வாங்கச் சொல்கிறீர்கள். உங்கள் தவறைச் சிறியதாகக் காட்டக்கூடிய ஓர் ஆலோசனையைச் சொல்லும்போது, வேறொரு சட்டத்தரணியிடம் சுயாதீனமாக ஆலோசனை பெறுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா? தவறு நேர்ந்தால் வாடிக்கையாளரிடம் ஒளிவுமறைவின்றி உடனே சொல்ல வேண்டும் என்று உங்கள் தொழிலின் நடத்தைக் கோவையே விதித்திருக்கிறது.

ஆகவே, ஒக்டோபர் 14 எப்படித் தவறியது, உங்கள் அலுவலகத்தில் அது யாருக்கு எப்போது தெரியவந்தது என்பதை எழுத்தில் விளக்குங்கள். உங்கள் தொழில் பொறுப்புக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டீர்களா என்பதையும் தெரிவியுங்கள். 12,500 பவுணை எங்களுக்குப் பாதகமான கணக்காகவே எடுத்துக்கொண்டாலும், விலையில் ஏறிய 6,200 பவுணும், நில உரிமையாளர் கேட்கும் 2,340 பவுணும், உங்களுக்கு நாங்கள் கட்டிய கட்டணம் முழுவதும், புதிய மதிப்பீட்டுக்கும் புதிய அறிவித்தலுக்கும் ஆகும் செலவும் எங்களுக்கு வந்துசேர வேண்டும். ஒக்டோபரில் இறுதி விலை இதைவிட ஏறினால், அந்த வித்தியாசத்தைக் கோரும் உரிமையை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கோப்பின் முழுப் பிரதியை, செப்டெம்பர் மின்னஞ்சல்கள் உட்பட, 14 நாட்களுக்குள் கட்டணமின்றி அனுப்புங்கள்.

எட்டு வாரங்கள் முடியும் ஏப்ரல் 7ஆம் திகதிக்குள் உங்கள் இறுதிப் பதில் கிடைக்காவிட்டால், அல்லது கிடைக்கும் பதில் எங்களுக்குத் திருப்தி தராவிட்டால், சட்டச் சேவைகளுக்கான ஒம்புட்ஸ்மனிடம் இப்புகாரைக் கொண்டுசெல்வோம். இனி இவ்விடயம் பற்றித் தொலைபேசியில் பேச நாங்கள் விரும்பவில்லை. எல்லாவற்றையும் எழுத்தில், எங்கள் இருவர் பெயருக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்பின் கூட்டு உரிமையாளர்கள்

இணைப்பு: 42ஆம் பிரிவு அறிவித்தல், எதிர் அறிவித்தல், செப்டெம்பர் 23, 25 மின்னஞ்சல்கள், ஜனவரி 20 கடிதம், புதிய மதிப்பீடு ஆகியவற்றின் பிரதிகள்