கார் நின்றதும் பெட்ரோலைத் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓடிக்கொண்டிருக்கிற கார் நடுரோட்டில் திடீர் திடீரென்று நின்றுவிடுவது பற்றிப் போன வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று ஒரே போடாகப் போட்டிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் நாலு மாதம் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், பங்க் மாற்றி பங்க் போட்டும் பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 2013 மாடல் பெட்ரோல் கார். கோபியிலிருந்து கவுந்தப்பாடி, ஈரோடு என்று வாரத்தில் நாலு நாள் வியாபாரத்துக்குச் சுற்றுகிற வண்டி. சித்திரையில் ஆரம்பித்தது தொந்தரவு. காலையில் எடுத்தால் ஒரு குறையும் இருக்காது. அரை மணி, முக்கால் மணி ஓடி நன்றாகச் சூடேறிய பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் ஆஃப் ஆகிவிடும். செல்ஃப் அடித்தால் சுற்றும், ஆனால் பிடிக்காது. ஓரம்கட்டி நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் கெட்டுப்போயிருந்தால் டீ குடிக்கிற நேரத்தில் அது தானாக நல்ல பெட்ரோல் ஆகிவிடுமா? இந்தக் கேள்வி எனக்கு அப்போதே வந்திருந்தால் நிறையப் பணம் மிச்சமாகியிருக்கும்.

முதல் பட்டறையில் பிளக்கும் ஃபில்டரும் மாற்றினார்கள். இரண்டாவதில் ஃப்யூயல் பம்பையே மாற்றினார்கள். மூன்றாவதில் இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடுகிற திராட்டில் பாடியைக் கழுவிவிட்டு, இன்ஜினை இயக்குகிற கம்ப்யூட்டர் போயிருக்கலாம், மாற்றிப் பார்க்கலாமா என்றார்கள். மொத்தம் 17,000 ரூபாய் ஆனது. எந்த ஊர், எந்தப் பட்டறை என்று எழுதப் போவதில்லை, அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் மூன்று இடத்திலும் ஒருவர்கூட, எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று கேட்கவில்லை. இரண்டாவது இடத்தில் ஸ்கேனரை மாட்டியதும் முதல் வேலையாக, என்ன பழுது என்று கம்ப்யூட்டர் பதிந்து வைக்கிற எரர் கோடை அழித்துவிட்டார்கள். கோடு பதிவாகும்போது அந்த நேரத்து வேகம், இன்ஜின் சூடு, நிமிஷத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்கிற ஆர்பிஎம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் சேர்த்துக் குறித்து வைக்கும், கோடை அழித்தால் அதுவும் போய்விடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. திருட்டுப் போன வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு போலீஸுக்குச் சொல்லி அனுப்புகிற வேலை இது.

அப்புறம் ஆடி மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாளவாடியில் சித்தி வீட்டுக்குக் கிளம்பினேன். திம்பம் மலைப்பாதையில் மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள், எங்களுக்கு ஒன்பதாவதிலேயே வண்டி நின்றுவிட்டது. பின்னால் சரக்கு லாரி. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவுகிற வாக்குமும், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பும், நின்றுவிடும், மிச்சம் இருப்பதை வைத்து இரண்டு மூன்று மிதி லேசாகக் கிடைக்கும், அதற்கு மேல் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். விட்டு விட்டு மிதித்து அதை வீணாக்காமல் ஒரே அழுத்தாகப் பிடித்து, ஹேண்ட் பிரேக் போட்டேன். லாரி கிளீனர் ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். உருண்டுகொண்டிருக்கிற வண்டியில் பயத்தில் சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

கால் மணி கழித்து ஸ்டார்ட் ஆனதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு சத்தியமங்கலத்துக்கே இறங்கி, ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். சின்னப் பையன்தான். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அவன் கேட்டது இதுதான்: "ஏனுங்ணா, நிக்கறப்ப ஆர்பிஎம் முள்ளு எப்படி விழுந்துச்சுங்? பொத்துனு விழுந்துச்சுங்களா, இல்ல தடுமாறித் தடுமாறி எறங்குச்சுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. முன் சீட்டிலிருந்து அம்மா சொன்னார்: "பொத்துன்னு விழுந்துச்சு சாமி. வண்டி நகந்துட்டுத்தான் இருந்துச்சு, முள்ளு செத்த மாதிரி கீழ கெடந்துச்சு."

பாதிக் கண்டுபிடிப்பு அதிலேயே முடிந்துவிட்டது. கியரில் வண்டி உருளும்போது சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அப்படியும் முள் பூஜ்யத்துக்குப் போனால், இன்ஜின் சுற்றுவதையே கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஆள் இல்லை என்று அர்த்தம். அதைச் சொல்கிற ஆள் கிராங்க் சென்சார். அந்தத் தகவல் வராவிட்டால் கம்ப்யூட்டர் பிளக்குக்குக் கரண்டும் விடாது, பெட்ரோலும் விடாது. பையன் சென்சாரைக் கழற்றி, பக்கத்து பியூட்டி பார்லரில் தலை காயவைக்கிற டிரையரைக் கடன் வாங்கி வந்து, மல்டிமீட்டரை மாட்டிக்கொண்டு சூடான காற்றை அடித்தான். ஆறியிருக்கும்போது ஒழுங்காக ஓம்ஸ் (மின்தடை அளவு) காட்டிய சென்சார் சூடேறியதும் ஓப்பன், அதாவது உள்ளே இணைப்பு விட்டுப்போனது, என்று காட்டியது, ஆறவிட்டால் திரும்பவும் உயிர் வந்தது. உள்ளே இருக்கிற மெல்லிய கம்பிச் சுருளில் எங்கேயோ விட்டுப்போய், சூட்டில் விலகி, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆனதன் ரகசியம் இவ்வளவுதான். சென்சாரும் கூலியும் சேர்த்து 1,600 ரூபாய்.

எல்லா வண்டிக்கும் இதுதான் என்று சொல்ல வரவில்லை. முள் தடுமாறி, இழுவை குறைந்து, ஜெர்க் அடித்து நின்றால் பெட்ரோல் வருகிற பாதையைப் பார்க்க வேண்டும், பம்ப், ஃபில்டர், ரிலே. டேங்க்கில் எப்போதும் 200 ரூபாய்க்கு மட்டும் போட்டு ஓட்டுகிற நம்ம ஊர்ப் பழக்கமும் பம்பைக் கெடுக்கும், ஏனென்றால் டேங்க்குக்குள் இருக்கிற அந்த மோட்டாரைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். சிக்னலில் கால் எடுத்ததும் மட்டும் நின்றால் திராட்டில் பாடி அழுக்கோ, வாக்கும் குழாயில் ஓட்டையோ இருக்கலாம். மீட்டர் லைட், ரேடியோ எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிட்டால் பேட்டரி டெர்மினல், எர்த் வயர், சாவி சுவிட்ச். வீட்டுச் சாவி, குடோன் சாவி, தோட்டத்து மோட்டார் ரூம் சாவி எல்லாவற்றையும் கார் சாவியோடு கொத்தாகத் தொங்கவிட்டு ஓட்டுகிறோமே, அதுவும் சாதாரண விஷயம் இல்லை. அமெரிக்காவில் 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, கொத்துச் சாவியின் எடையிலோ குலுங்கலிலோ சுவிட்ச் தானாக நழுவி ஓடும்போதே இன்ஜின் ஆஃப் ஆனதற்காகத்தான். 124 பேர் செத்ததாக அந்தக் கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதியே ஒப்புக்கொண்டது.

செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை, ஸ்கேனரில் கோடு இல்லை, அதனால் வண்டியில் பழுதே இல்லை என்று சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள், என் வண்டியிலும் பாதி நாள் கோடு விழவில்லை. நின்ற நேரம், எவ்வளவு தூரம் ஓடியது, டேங்க்கில் எவ்வளவு இருந்தது, ஏசி ஓடியதா, முள் எப்படி விழுந்தது, எவ்வளவு நேரம் கழித்துப் பிடித்தது, இதையெல்லாம் செல்போனில் குறித்துக்கொண்டு போங்கள்.

பட்டறைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பார்ட்டை மாற்றுவதற்கு முன்னால் எதை வைத்து அது போய்விட்டது என்று முடிவு செய்தீர்கள் என்பதை பில்லில் ஒரு வரி எழுதுங்கள், பழைய பார்ட்டை வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். சத்தியமங்கலத்தில் அந்தப் பையன் பழைய சென்சாரைப் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தான். ஃப்யூயல் பம்ப் மாற்றிய இடத்தில் பழையதைக் கேட்டதற்கு, அதைத் தூக்கிப் போட்டாச்சுங்க என்றார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்