சிம்மக்கல்லில் ஒரு காபி

வில்லாபுரம், மதுரை
17-8-2025, ஞாயிறு

அன்பு சரோ,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நாக்பூர் மழை, பேரனுக்குப் பல் முளைத்தது, மெட்ரோ ஏறி நீ தனியாகவே மார்க்கெட் போய்வருவது எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். "மதுரைக்கு மெட்ரோ எப்போ வருது?" என்று கேட்டிருந்தாய். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரைக்கும் 32 கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டு டெல்லிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. அதுவரைக்கும் எங்களுக்கு டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்தான். நான் உனக்குச் சொல்ல நினைத்ததும் அந்த டவுன் பஸ் கதைதான். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் போய் இந்த ஐப்பசி வந்தால் இரண்டு வருஷம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பின்னால் உட்கார்ந்துதான் எங்கேயும் போனேன். முதலில் டி.வி.எஸ். 50, அப்புறம் ஸ்கூட்டர். முப்பத்தாறு வருஷம். மதுரையை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் தோளுக்கு மேலே தெரிந்த மதுரைதான் சரோ. எந்த பஸ் எந்த வழியாகப் போகும், எந்த ஸ்டாப்பில் இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும், ஒன்றும் தெரியாது. அவர் போனதும் வீட்டு வாசலோடு ஊர் முடிந்துபோன மாதிரி இருந்தது. காய்கறி வாசலுக்கே வந்துவிடும், மருந்துக் கடை தெருமுனையில். அப்படியே ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது.

வெளியே போகவைத்தது குடும்பப் பென்ஷன். ஓர் அலுவலகத்துக்கு நாலு நடை அலைந்தேன். போன தடவை கேட்காத தாளை இந்தத் தடவை கேட்பார்கள். ஒரு தாளில் இனிஷியல் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால் இருந்தது. அதற்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு கையெழுத்து. முதல் இரண்டு தடவை ஆட்டோவில் போனேன், போகவர முந்நூறு ரூபாய். இரண்டாவது நாள் சாயந்தரம் பர்ஸைத் திறந்து பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. வரவேண்டிய பென்ஷனுக்கு முன்னாலேயே இவ்வளவு செலவு. எதிர்வீட்டு அக்காதான், "ஏம்மா, லேடீஸ் ஃப்ரீ பஸ் இருக்குல்ல, முன்னால ரோஸ் பெயின்ட் அடிச்சிருக்கும், ஏறிப் போ" என்றார்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது எனக்கும் தெரியும், செய்தியில் பார்த்ததுதான். அது நமக்கில்லை என்று ஒரு நினைப்பு. என்னால் டிக்கெட் எடுக்க முடியாதா என்ன என்ற எண்ணம் வேறு. மூன்றாவது தடவை ஏறிவிட்டேன். கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் கட்டணமில்லா சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிட்டார். தெற்குவாசல் பாலம் ஏறும்போது சுற்றிப் பார்த்தேன். பஸ் முழுக்கப் பெண்கள்! டிபன் பாக்ஸோடு ஜவுளிக்கடைக்குப் போகிற பிள்ளைகள், ஆஸ்பத்திரி ஆயா யூனிபாரம் போட்டவர்கள், காலிக் கூடையோடு போகிறவர்கள், நாலு வீட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கையில் தையல் மெஷின் எண்ணெய் வாசனை. முன்னெல்லாம் கீரைத்துறையிலிருந்து நடந்தே போவாளாம். "இப்ப கால் வலி இல்லக்கா, சாயந்தரம் வீட்டுக்குப் போயி உக்காந்து சாப்பிட முடியுது" என்றாள்.

நாலாவது நடையில் வேலை முடிந்தது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. எந்த வேலை முடிந்தாலும் அவர் ஒரு கடையில் வண்டியை நிறுத்துவார். அவர் உள்ளே போய் நின்று குடிப்பார், நான் வண்டிப் பக்கத்திலேயே நிற்பேன், எனக்கு டம்ளரைக் கொண்டுவந்து கொடுப்பார். ஆத்துப் பாலம் தாண்டி சிம்மக்கல் வந்ததும் எப்படித்தான் எழுந்தேனோ, இறங்கிவிட்டேன்.

உனக்குத் தெரியும், நம் வீடுகளில் காபிக் கடைக்குத் தூக்குவாளி போகும், பெண் பிள்ளை போகமாட்டாள். ஹோட்டலுக்குப் போனாலும் "ஃபேமிலி ரூம்" என்று போர்டு போட்ட இடத்தில் திரை மறைவில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அறுபது வயசில் ரோட்டோரக் கடைக்கு முன்னால் போய் நிற்கிறேன், வாயைத் திறந்து கேட்க வரவில்லை. காபி கேட்பதா, டோக்கன் வாங்குவதா, எங்கே நிற்பது? சுற்றி அத்தனையும் ஆம்பளைகள். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தபோது கடை ஓரத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மா, கூடையை இழுத்து இடம் விட்டு, "இங்கிட்டு நில்லுங்கம்மா, வெயில் படாது" என்றார். மாஸ்டரைப் பார்த்து, "தம்பி, அம்மாவுக்கு ஒரு காபி" என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்த மாஸ்டர் கையை நான் கண் எடுக்காமல் பார்த்தேன். டம்ளரை வெந்நீரில் அலசிக் கவிழ்த்தார். சர்க்கரை முதலில். அதன்மேல் பித்தளை ஃபில்டரிலிருந்து டிக்காஷன், அளவெல்லாம் கண் அளவுதான். கொதித்துக்கொண்டிருந்த பாலை கரண்டியில் மொண்டு உயரத்திலிருந்து விட்டார். அப்புறம் டபராவுக்கும் டம்ளருக்குமாக இரண்டே ஆற்று, நுரை விளிம்புக்கு வந்து நின்றது, ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. இருபது ரூபாய். வாயில் வைத்ததும் முதலில் கசப்பு, அது தொண்டையில் இறங்கும்போது பால் இனிப்பு. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. துக்கம் பாதி, இன்னொரு பாதி என்னவென்று இன்னும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பூக்காரம்மாவிடம், "நீங்க குடிச்சாச்சா?" என்று கேட்டேன். "நான் முப்பது வருசமா ரெண்டு வேளையும் இங்கதாம்மா குடிக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வீட்டுக்கு வரும் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். பெண்கள் கடையில் நின்று காபி குடிக்கமாட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோமே, அது பொய் சரோ. பூக்காரம்மா குடித்தார், சித்தாள் வேலைக்குப் போகிறவர் குடித்தார், மார்க்கெட்டில் மூட்டை பிரிக்கிறவர் குடித்தார். விடிகாலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வரிசையாக நின்று குடிக்கிறார்களாம். அவர்களை நான் ஸ்கூட்டரில் தாண்டிப் போயிருக்கிறேன், பார்த்ததே இல்லை. நம் மாதிரி வீட்டுப் பெண்களுக்குத்தான் அந்தக் கடை மூடியிருந்தது. அதை மூடியது கடைக்காரர் இல்லை.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகிறேன். பூக்காரம்மாவின் பேத்தி பக்கத்தில் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. காலைச் சாப்பாடு பள்ளிக்கூடத்திலேயே. 2022 செப்டம்பரில் இந்தக் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியதே இந்தச் சிம்மக்கல் பக்கத்து ஆதிமூலம் பள்ளியில்தான். திங்கட்கிழமை உப்புமா, புதன்கிழமை பொங்கல் என்று அந்தக் குழந்தை எனக்கு ஒப்பித்துக் காட்டியது. "சாம்பார்ல காய் நெறைய போடுவாங்க ஆச்சி" என்றது. விடிகாலையிலேயே பூ வாங்க மார்க்கெட்டுக்கு ஓடுகிற பாட்டி, அந்தப் பிள்ளைக்கு எப்போது அடுப்பு மூட்டியிருப்பாள் சொல்? அதனால் அந்தப் பொங்கலைப் பற்றிக் கேட்கும்போது எனக்கு நிஜமாகவே வயிறு நிறைந்தது.

வீட்டுக் காபியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை டிக்காஷன் எப்போதும் அவர் வேலை. அவர் போனதற்கு அப்புறம் அதே பித்தளை ஃபில்டரில் நான் போட்டால் வெறும் கறுப்புத் தண்ணியாக இறங்கியது. பொடியை மாற்றிப் பார்த்தேன், பாலை மாற்றிப் பார்த்தேன். எத்தனையோ நாள் கழித்துத்தான் புரிந்தது. அது நாலு பேர் ஃபில்டர். ஒருத்திக்காக இரண்டு கரண்டிப் பொடி போட்டால் அடியில் மெல்லிசாகப் பரவி நிற்கும், வெந்நீர் ஊற்றியதும் நிற்காமல் ஓடிவிடும், சாறு எங்கே இறங்கும்? பாத்திரக் கடையில் போய் இருப்பதிலேயே சின்ன ஃபில்டராக ஒன்று வாங்கினேன். அதைக் கையில் வாங்கும்போது கொஞ்சம் வலித்தது. மறுநாள் காலை டிக்காஷன் சொட்டுச் சொட்டாக இறங்கி, பழைய வாசனை வந்தது. பெரிய ஃபில்டரைத் துடைத்துப் பரண்மேல் வைத்திருக்கிறேன். நீ வந்தால் இறக்குவேன்.

பொடி அதே கடைதான். பீபரி, பிளான்டேஷன் என்று இரண்டு வகைக் கொட்டையும் பாதிப் பாதி, சிக்கரி நூற்றுக்கு இருபது. அவர் சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடம். விலைதான் ஏறிக்கொண்டே போகிறது. பிரேசிலில் மழை இல்லாமல் விளைச்சல் குறைந்ததால் உலகம் முழுக்க இப்படி என்று கடைக்காரர் சொன்னார். கொட்டையோ நம் பக்கத்து மலையில் விளைகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலையில் மலைவாழையும் மிளகும் காபியும் ஒன்றாக நிழலில் வளரும். பறித்ததெல்லாம் பட்டிவீரன்பட்டிக்கு இறங்கும். அந்த ஊருக்குள் நுழைந்தாலே காபிக்கொட்டை வாசனை என்று அவர் சொல்லுவார். என்னை ஒரு தடவை கூட்டிப் போகிறேன் என்றார், நடக்கவில்லை.

வெளிச் சாப்பாட்டில் எனக்கு இப்போது பிடித்தது முள்ளுமுருங்கை வடை. விளக்குத்தூண் பக்கம் சாயந்தரம் போடுகிறார்கள். பேருக்குத்தான் வடை, பார்த்தால் பச்சைப் பூரி. கீரையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் போட்டு, எடுத்த சூட்டில் மேலே பொடி தூவித் தருவார்கள். சளிக்கு நல்லது என்று உன் அம்மா செய்வார்களே, அதே ருசி. பருத்திப்பால் வண்டியும் அங்கேயே நிற்கும். சுக்கு, கருப்பட்டி, ஏலக்காய் வாசனையோடு ஒரு டம்ளர் குடித்தால் ராத்திரிக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகம் திறந்து 2 வருஷம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை அங்கே போய்விடுவேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் சிம்மக்கல், ஏ.வி. பாலம், கோரிப்பாளையம், தல்லாகுளம் என்று போகும். கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை நடப்பதால் நாம் படித்த காலேஜ் வாசலைத் தாண்டவே கால் மணி நேரம் ஆகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்த கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏ.வி. பாலம் 1889-ல் கட்டியது, இன்னும் அதன்மேல்தான் அத்தனை வண்டியும் போகிறது. போன வாரம் வைகையில் தண்ணீர் ஓடியது. பஸ்ஸில் அத்தனை பேரும் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

மகன் பெங்களூரிலிருந்து, "ஏம்மா கூட்டத்துல இடிபடுற, நான் இங்கேருந்தே கார் போட்டு விடுறேன்" என்கிறான். பாசத்தில் சொல்கிறான், தெரியும். ராத்திரி நேரமானால் நானே ஆட்டோதான் பிடிக்கிறேன். பகலில் எனக்கு பஸ்தான் வேண்டும். காரில் போனால் யார் என்னிடம் பேசுவார்கள்?

இன்றைக்கு ஆவணி ஒண்ணு. இனி மூலத் திருவிழா வரும், புட்டுத்தோப்பில் சாமி மண் சுமப்பார். சின்ன வயசில் அந்தக் கதையில் நமக்குப் பிடித்தது பிரம்படிதான். இப்போது எனக்கு வந்திக் கிழவியை நினைத்தால்தான் மனசு நிற்கிறது. ஆள் துணை இல்லாத கிழவி, வைகைக் கரையில் பிட்டு அவித்து விற்றுப் பிழைத்தவள். அவளிடம் உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்னத்தானே சாமியே ஆள் வேஷத்தில் வந்தார். ராத்திரி பதினொரு மணிக்கு இட்லிச் சட்டியைத் திறந்து ஆவி பறக்க எடுத்து வைக்கிற ஒவ்வொரு அம்மாவைப் பார்க்கும்போதும் எனக்கு வந்தி ஞாபகம் வருகிறது.

தீபாவளி கழித்து வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கண்டிப்பாக வா. சென்னையில் இறங்கி மத்தியானம் வைகை எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடு. ராத்திரி ஒன்பதரைக்குள் இங்கே வந்துவிடும், நானே ஸ்டேஷனுக்கு வருவேன். நேராக வீட்டுக்குப் போக வேண்டாம், மேலவெளி வீதியிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம், நாலு சட்னியோடு. மறுநாள் சிம்மக்கல். பூக்காரம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் ஆரப்பாளையத்தில் வத்தலக்குண்டு பஸ் ஏறுவோம். அங்கிருந்து பட்டிவீரன்பட்டி பக்கம்தான், விசாரித்துவிட்டேன். முட்டி வலி மாத்திரையும் ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டு வா, தாண்டிக்குடி வரைக்கும் போகலாம்.

பேரனுக்கு என் முத்தம். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன்,
வசந்தா