டிரெட் ஸ்காட் வழக்கில் ஒரு தாயும் இருந்தார்: சட்டக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட் விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1857-இல் அவருக்கு எதிராகத் தந்த தீர்ப்பை வகுப்பில் நடத்துகிறீர்கள். கறுப்பின மக்கள் குடிமக்களே அல்ல என்று தலைமை நீதிபதி டேனி எழுதியதை விளக்குகிறீர்கள். ஆனால் ஹாரியட்டின் பெயரைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ஹாரியட், டிரெட்டின் மனைவி. 1846 ஏப்ரல் 6 அன்று, மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் கணவரைப் போலவே அவரும் விடுதலை கேட்டுத் தனியாக ஒரு மனு போட்டார். விஷயமே அதில்தான் இருக்கிறது. 1662-இல் வர்ஜீனியா கொண்டுவந்த சட்டப்படி, தாய் அடிமை என்றால் அவள் வயிற்றில் பிறந்த பிள்ளையும் அடிமை. மிசௌரியிலும் அதே விதிதான். தகப்பன் மட்டும் ஜெயித்தால் மகள்கள் எலைசாவுக்கும் லிஸ்ஸிக்கும் ஒன்றும் கிடைக்காது. தாய் ஜெயித்தால்தான் அவர்களுக்கு வழி. அப்படியிருந்தும் 1850-இல், டிரெட்டின் வழக்கு மட்டும் நடக்கட்டும், அதன் முடிவே ஹாரியட்டுக்கும் என்று இரு தரப்பு வக்கீல்களும் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெண் பிள்ளைகளுக்கான வலுவான வாதம் அன்றே கைநழுவியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே ஊரில் பாலி என்ற தாய் இதைச் சாதித்தும் காட்டியிருந்தார். அடிமை முறை தடை செய்யப்பட்டிருந்த இல்லினாய்ஸில் தன்னை வைத்து வேலை வாங்கினார்கள், ஆகவே தான் சுதந்திரமானவள் என்று 1839-இல் வழக்குப் போட்டார். அது முடியும் முன்பே, 1842-இல், மகள் லூசிக்காக இன்னொரு வழக்கு. மகள் பிறக்கும்போதே நான் சட்டப்படி சுதந்திரமானவள், ஆகவே மகளும் சுதந்திரமானவள் என்பதே வாதம். 1843-இல் பாலி ஜெயித்தார். லூசியின் வழக்கோ இழுத்துக்கொண்டே போனது. ஒரு குற்றமும் செய்யாத அந்தச் சிறுமியை, தீர்ப்பு வரும்வரை 17 மாதம் சிறையில் வைத்தார்கள்.

1844 பிப்ரவரியில் விசாரணை. லூசிக்காக வாதாடிய எட்வர்ட் பேட்ஸ், பின்னாளில் லிங்கனின் அமைச்சரவையில் அட்டர்னி ஜெனரல். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். லூசி பாலியின் மகள்தான் என்று சாட்சிக் கூண்டில் சொன்னவர், ஒருகாலத்தில் பாலியைத் தன் வீட்டில் அடிமையாக வைத்திருந்த ராபர்ட் வாஷ். மிசௌரி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே, பிள்ளை அவளுடையது என்று பழைய எஜமானர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. லூசி விடுதலையானார். 1891-இல் தன் கதையைப் புத்தகமாகவும் எழுதினார்.

செயின்ட் லூயிஸில் மட்டும் இப்படி 300-க்கும் மேற்பட்ட விடுதலை மனுக்கள் போடப்பட்டிருக்கின்றன. கையெழுத்துப் போடத் தெரியாமல் பலர் வெறும் பெருக்கல் குறி போட்டார்கள். அந்தப் பக்கங்களின் படங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். டேனியின் தீர்ப்பைப் பிரிக்கும் முன் ஹாரியட்டின் மனுவைப் பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம், இந்த வருட வினாத்தாளில் ஒரு கேள்வி சேருங்கள்: டிரெட்டின் வழக்கு ஜெயித்திருந்தாலும் ஹாரியட்டின் மனு ஏன் தேவைப்பட்டது?

அன்புடன்,
சட்ட வரலாறு வாசிக்கும் ஒருவர்