ஜாப் கார்டில் கியர்பாக்ஸுக்கு ஒரு வரி: சர்வீஸ் சென்டர் மேலாளர்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டில் கார் கம்பெனிகளின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்களை நடத்தும் முதலாளிகளுக்கும், அவற்றின் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

காரை சர்வீஸுக்கு விடும்போது நீங்கள் எழுதும் ஜாப் கார்டில், அதாவது வேலைச்சீட்டில், கியர்பாக்ஸுக்கென்று ஒரு வரி வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஏசி மணக்க ஒரு வரி வைத்திருக்கிறீர்கள், டேஷ்போர்டு பளபளக்க ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். என்ஜினுக்கு அடுத்தபடியாக நம் பர்ஸைக் காலி செய்யக்கூடிய உறுப்புக்கு மட்டும் எதுவும் இல்லை.

எங்கள் வீட்டுக் கார் டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக், அதாவது என்ஜினின் விசை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குப் போகும் வகை. ஐம்பது, அறுபதில் போகும்போது ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினால், டோல்கேட்டுக்கு முன்னால் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகள் மேல் ஏறி இறங்குவதுபோல ஒரு நடுக்கம் வந்தது. நன்றாக அழுத்தினால் நின்றுவிடும், காலை எடுத்தாலும் நின்றுவிடும். இதை அப்படியே சர்வீஸ் அட்வைசரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே டேப்பில் தட்டினார். கையெழுத்துக்காகத் திருப்பிக் காட்டியபோது, 'கஸ்டமர் கம்ப்ளெயின்ட்' என்ற இடத்தில் 'ஜெனரல் செக்கப்' என்று இருந்தது.

"நான் சொன்னதைக் காணோமே தம்பி?"

"ஃப்ளோர்ல வாயால சொல்லிடுறேன் சார், நீங்க சைன் பண்ணுங்க."

சாயங்காலம் கார் வந்தது. "ட்ரையல் பாத்துட்டோம் சார், நார்மல்தான். ஆட்டோமேட்டிக்ல இதெல்லாம் இருக்கும்." பில்லைப் பார்த்தால் த்ராட்டில் பாடி க்ளீனிங், ஏசி கிருமிநாசினி, அண்டர்பாடி கோட்டிங் என்று நான் கேட்காதவை வரிசையாக இருந்தன. கேட்ட ஒன்றைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. நாளைக்கே வாரண்டி முடிந்து, அதற்கடுத்த மாதம் கியர்பாக்ஸ் நின்றுபோனால், "இந்தப் புகாரை நீங்கள் முன்பு சொன்னதாகப் பதிவே இல்லையே" என்று கேட்கப் போவதும் நீங்கள்தான்.

அந்த நடுக்கம் என்ன என்பது உங்கள் டெக்னீஷியன்களுக்குத் தெரியாததல்ல. டார்க் கன்வர்ட்டருக்குள் லாக்கப் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறது. சீரான வேகத்தில் அது பிடித்துக்கொண்டு, என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைக்கிறது. ஆயிலில் இருக்கும் உராய்வுச் சேர்மானங்கள் சூட்டில் தேய்ந்துபோனால், கிளட்ச் மிருதுவாகப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடிக்கும். அதுதான் அந்த நடுக்கம். வேறு காரணங்களும் இருக்கலாம். என்ஜினில் எரிபொருள் சரியாக எரியாத மிஸ்ஃபயர்கூட இதே மாதிரி தெரியும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஆயிலை. கேட்டேன். "அது லைஃப் டைம் ஆயில் சார், தொடவே கூடாது" என்றார்கள்.

யாருடைய லைஃப்? பிஎம்டபிள்யூ முதலான பல கார்களுக்கு 8 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவன் மாற்று என்கிறான், அதைக் காரில் மாட்டி விற்பவன் ஆயுசுக்கும் போதும் என்கிறான். இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்று எனக்குக் குழப்பமில்லை. கார் கம்பெனிக்கு 'ஆயுள்' என்றால் வாரண்டி தீரும்வரை. எனக்கு, கடன் தீர்ந்து பையன் லைசென்ஸ் எடுத்து ஓட்டிப் பழகும்வரை.

கையேட்டையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கையேடுகளில் இரண்டு அட்டவணைகள் இருக்கும்: சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒன்று, கடுமையான பயன்பாட்டுக்கு இன்னொன்று. நின்று நின்று போகும் டிராஃபிக், தூசி, கடும் வெயில், மலைப்பாதை, என்ஜின் சூடாவதற்குள் முடிந்துவிடும் குறுகிய ஓட்டம் எல்லாம் கடுமையான பயன்பாட்டில் வருகின்றன. சித்திரை வெயிலில் கிண்டியிலிருந்து தாம்பரம் போகிறவருக்கு, அல்லது குடும்பத்தோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிறவருக்கு எந்த அட்டவணை பொருந்தும்? நீங்கள் எல்லோருக்கும் முதல் அட்டவணையைத்தான் விரிக்கிறீர்கள். கோட்டிங் விற்கும்போது மட்டும் "நம்ம ஊரு கண்டிஷனுக்கு இது கட்டாயம் சார்" என்கிறீர்கள். நம்ம ஊர் கண்டிஷன் காரின் அடிப்பகுதிக்கு மட்டும்தான் பொருந்துமா?

கடைசியில் வெளியே ஒரு கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் போனேன். லிஃப்டில் ஏற்றி டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். புதிதில் சிவப்பாக இருக்கும் ஆயில் பழுப்பேறி, கருகல் வாடையோடு வடிந்தது. போல்ட்டின் நுனியில் இருந்த காந்தத்தில் ஒட்டியிருந்ததைத் துணியால் வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறத்தில் மசிந்த குழைவு. விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். நெருநெருவென்று எதுவும் இல்லை. "மாவா இருந்தா தேய்மானம், சகஜம். சில்லு சில்லா வந்தாத்தான் பெட்டியை இறக்கணும்" என்றார். வடிந்ததை அளந்து, கம்பெனி குறிப்பிட்ட அதே ரக ஆயிலை ஊற்றினார். ஒரு தடவை வடித்தால் பழையது முழுக்க வராது, டார்க் கன்வர்ட்டருக்குள் பெரும்பங்கு தங்கிவிடும். ஆகவே கொஞ்சம் ஓடியபின் மறுபடியும் வரச் சொன்னார். இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு நடுக்கம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அந்தப் போல்ட்டை உங்கள் ஒர்க்ஷாப்பிலேயே கழற்றியிருக்கலாம். அந்தப் பணமும் உங்கள் கல்லாவுக்கே வந்திருக்கும். விற்க வேண்டியதை விற்காமல் வேண்டாததை விற்கும் வியாபாரம் எனக்குப் புரியவில்லை.

ஆயில் மாற்றினால் அதன் ரகத்தையும் பில்லில் எழுதுங்கள் என்று கேட்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. 'கியர் ஆயில் 1' என்று மட்டும் அச்சிட்ட பில்லால் யாருக்கும் பிரயோஜனமில்லை. தனித்தனிக் கியர்கள் இல்லாத சிவிடி வகை ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு அதற்கான ஆயில்தான். அங்கே உலோகப் பெல்ட்டும் புல்லியும் நழுவாமல் பிடிப்பதே அந்த ஆயிலின் குணத்தை நம்பித்தான். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலான ஏடிஎஃப்பை ஊற்றினால் பெட்டி போச்சு. மேனுவல் கியர்பாக்ஸிலும் அப்படித்தான். ஜிஎல்-4 ரக ஆயில் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள கூடுதல் கந்தகச் சேர்மானம், கியர் சிக்காமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாமல் போகக்கூடும். இரண்டு மூன்று வருடம் கழித்து செகண்ட் கியர் விழாமல் கரகரக்கும்போது, ஊற்றியவர் வேறு ஷோரூமில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். ஏஎம்டி என்ற மலிவு வகை ஆட்டோமேட்டிக் வேறு கதை. உள்ளே இருப்பது மேனுவல் பெட்டிதான், நம் காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் என்ற ஒரு கருவி கிளட்சை மிதிக்கிறது. கிளட்ச் தேயத் தேய அது பிடிக்கும் புள்ளியை ஸ்கேனர் போட்டு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். செய்தீர்களா இல்லையா என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆயிலின் அளவு விஷயம் இன்னும் நுணுக்கமானது. இப்போதைய ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றில் ஆயில் அளவைப் பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சி கிடையாது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயிலின் சூடு கம்பெனி சொன்ன வரம்புக்குள் இருக்கும்போது, ஓவர்ஃப்ளோ போல்ட்டைத் திறந்து சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சூடான பெட்டியில் ஆயில் விரிந்திருக்கும். அப்போது அளந்தால் கணக்குத் தப்பிவிடும். மதிய வெயிலில் ஓட்டி வந்த காரை உடனே ஏற்றி அளப்பவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"இப்படித்தான் இருக்கும் சார்" என்ற பதிலுக்கு ஒரு நாட்டில் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு கம்பெனி ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களில் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் பெட்டியைப் போட்டு விற்றது. கார் உதறுகிறது என்று வந்தவர்கள் சிலரிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதே புகார் பலரிடமிருந்து வந்துகொண்டிருப்பது கம்பெனிக்குத் தெரிந்தே இருந்தது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பெட்டி கெட்டதற்காக அல்ல, புகாரைக் கையாண்ட விதத்துக்காக.

நேர்மாறாக, 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் தன் 7 கியர் டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் பெட்டிகளுக்காக உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றிக் கொடுத்தது. சூடும் ஈரப்பதமும் கூடிய, நின்று நின்று போகும் ஓட்டத்தில் மின்கோளாறு வரலாம் என்பதுதான் காரணம். சூடு, ஈரம், நெரிசல். சென்னையை வர்ணித்ததுபோல இருக்கிறதல்லவா? அந்த நடவடிக்கைக்கு முன்னால் சீனாவில் அரசுத் தொலைக்காட்சியே அம்பலப்படுத்தும் அளவுக்குப் போக வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

இனி வாரண்டி மிரட்டல். "வெளிய தொட்டா வாரண்டி போயிடும்" என்று உங்கள் கவுண்டர்களில் சகஜமாகச் சொல்கிறார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவை உங்கள் சட்டப்பிரிவு நிச்சயம் படித்திருக்கும். வெளியே சர்வீஸ் செய்தார் என்பதற்காக மட்டுமே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்குத்தான் மறுக்கலாம் என்று அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனதும், அபராதத் தொகையைப் பற்றி வாதம் நீண்டதும் தெரியும். நான் சட்டம் பேச வரவில்லை. பேச வேண்டிய இடம் வேறு இருக்கிறது. 1915 என்ற உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அங்கே போனால் முதலில் கேட்பது ஜாப் கார்டை. அதில்தான் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதியிருக்கிறதே!

உங்கள் பையன்கள்மேல் எனக்குக் கோபமில்லை. காலையில் வரிசையாக நிற்கும் கார்களுக்கு நடுவே ஒரு அட்வைசர் எத்தனை பேரின் கதையைத்தான் கேட்க முடியும்? தலைக்கு இத்தனை கோட்டிங் என்று டார்கெட் வேறு. அதற்குமேல், "கம்பெனியிலிருந்து போன் வரும் சார், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க, இல்லேன்னா என் இன்சென்டிவ் போயிடும்" என்று கெஞ்ச வேண்டிய நிலை. நானும் பத்துதான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பத்தை வைத்துக்கொண்டு நீங்கள் விருது வாங்கியிருப்பீர்கள். வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. அந்தப் பையனை இந்தக் கட்டாயத்திலிருந்து விடுவித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆகவே கேட்பது இதுதான். வாடிக்கையாளர் சொல்லும் புகாரை அவர் சொன்ன வார்த்தையிலேயே, தமிழிலேயே கூட, ஜாப் கார்டில் எழுதுங்கள். என்ன வேகத்தில், என்ன சூட்டில், ஏற்றத்திலா சமதளத்திலா என்பதையும் சேர்த்து. புகார் சொன்னவரையும் ட்ரையலுக்குக் கூட்டிப் போங்கள், நடுக்கம் எப்போது வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். 'நார்மல்' என்று முடிவு செய்தால், யார் ஓட்டிப் பார்த்தார், ஸ்கேனரில் என்ன பிழைக் குறியீடு வந்தது அல்லது வரவில்லை என்பதை எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். ஆயில் மாற்றினால் ரகம், லிட்டர், அப்போதைய கிலோமீட்டர் மூன்றும் பில்லில் இருக்கட்டும். மாற்ற வேண்டியதில்லை என்றால் அதையும் எழுத்தில் தாருங்கள், கம்பெனி சீலோடு. 'லைஃப் டைம்' என்று வாயால் சொல்பவர் யாரும் அதைத் தாளில் எழுதித் தந்து நான் பார்த்ததில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே டிக்கியில் வைத்துவிடுங்கள். வாரண்டியில் மாற்றியதைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்றால் ஒரு போட்டோவாவது போதும்.

பெட்டியை முழுசாக மாற்றச் சொல்லும் எஸ்டிமேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே எது கெட்டது என்று சொல்லாமல் 'அசெம்ப்ளி மாத்தணும்' என்று லட்சங்களில் ஒரு தொகையை நீட்டாதீர்கள். வால்வு பாடியா, சென்சாரா, கிளட்ச் பேக்கா என்று பெயர் சொல்லுங்கள். நாங்கள் சென்னை புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் விசாரித்துவிட்டு வந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

எங்கள் காருக்கு அடுத்த மாதம் சர்வீஸ் தேதி. இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கவுண்டரில் கொடுப்பேன். நடுக்கத்தைப் பற்றிய வரி ஏறாமல் டேப்பில் கையெழுத்துப் போடுவதாக இல்லை. எங்கள் குடியிருப்பில் இன்னும் சிலரும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் இதனால் கொஞ்சம் தாமதமாகும். அதற்கேற்ப ஆள் போட்டுக்கொள்வது உங்கள் பாடு.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்