செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் தபாலில் போகும். அந்தச் செலவும் சங்கத்தின் தலையில்தான்.

செயற்குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்கூடச் சேரவில்லை. பொங்கல் விழாவும் சிறுவர் பாட்டுப் போட்டியும் நடந்தன.

விரிவாகச் சொல்ல வேண்டியது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாம் நடத்திய, திரை இசையமைப்பாளர் ‘மெல்லிசை மாமணி’ வி. குமாரின் பாட்டுகளைக் கேட்கும் மாலை நிகழ்ச்சி. “அவரை யாருக்குத் தெரியும்?” என்று செயற்குழுவில் கேட்டார்கள். கேட்டவரே ‘புன்னகை மன்னன் பூவிழிக் கண்ணன்’ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்தப் பாட்டு வரும், 1969-இல் வந்த ‘இரு கோடுகள்’ படத்துக்கு இசை குமார்தான் என்று அவர் யோசிக்கவே இல்லை.

பின்னாளில் திரைப்பட இயக்குநரான கே. பாலசந்தர் ஏ.ஜி. அலுவலகத்தில் (அரசுக் கணக்காயர் அலுவலகம்) வேலையில் இருந்துகொண்டே நாடகம் போட்ட நாளில் அவருக்கு இசையமைத்தவர் குமார். மேடையில் திரை விழுந்து எழுவதற்குள் பார்ப்பவர் மனத்தை இசை அடுத்த காட்சிக்குத் திருப்ப வேண்டும். வாத்தியங்களை அடுக்க இடமும் இல்லை, பணமும் இல்லை. நாடகமாக இருந்த ‘நீர்க்குமிழி’ 1965-இல் படமானபோது அந்தச் சிக்கனமும் அவரோடு வந்தது. ‘வெள்ளி விழா’வில் ‘காதோடுதான் நான் பாடுவேன்’ கேளுங்கள். ஆட்டப் பாட்டுக்குப் பெயர்போன எல்.ஆர். ஈஸ்வரியை எவ்வளவு மெல்லப் பாட வைத்திருக்கிறார்!

அது இசையமைப்பாளர் எம்.எஸ்.வி. (எம்.எஸ். விஸ்வநாதன்) போட்ட பாட்டு என்று துணைத்தலைவர் நூறு ரூபாய் பந்தயம் கட்டினார். அதே படத்தில் குமாரின் இசைக்கு எம்.எஸ்.வி. பாடகராக வந்து பாடிய ‘உனக்கென்ன குறைச்சல்’ பாட்டைப் போட்டுக் காட்டினேன். பந்தயப் பணம் இன்னும் வரவில்லை, சந்தாவைப் போலவே.

உறுப்பினர்கள் அறுபத்துமூன்று பேர். வந்தவர்கள் பதினான்கு. வாடகை ஒலிபெருக்கி பாதியில் இருமி அடங்கிவிட்டது. மிச்சப் பாட்டுகளை என் வீட்டு டேப்ரிக்கார்டரைச் சுற்றி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டோம். நாற்பது பேருக்குச் சுண்டல் செய்திருந்தோம். மீந்தது யார் வீட்டுக்குப் போனது என்பது பதிவேட்டில் இல்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். ஏறக்குறைய என்பதற்குப் பொருளாளர் விளக்கம் தருவார். இருபத்திரண்டு பேர் இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி. பெயர்களை வாசிப்பது பண்பல்ல என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது.

இடம் கொடுத்தவர்களுக்கும் சுண்டல் செய்த அம்மையாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பில் தொடர எனக்கு விருப்பமில்லை. ஆனால் ‘எதிர்நீச்சல்’, ‘அரங்கேற்றம்’ பாட்டுகளை இன்னும் நாம் கேட்கவில்லை. நல்ல ஒலிபெருக்கிக்கு முன்பணம் சேர்ந்தால் இன்னொரு மாலை வைத்துவிட்டே விலகலாம் என்றிருக்கிறேன். ரசீதுப் புத்தகம் வாசலருகே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது.