பிரிட்ஜுக்குள் அரிசி

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம். நீ போனில் கேட்ட அன்றே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் நீ பாதியிலேயே 'சரிம்மா, சரிம்மா' என்பாய். நானும் எதையோ ஆரம்பித்து முட்டுவலியில் கொண்டுபோய் முடிப்பேன். அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

முதலில் விளை விஷயம், நம் பனந்தோப்பு. ஒன்றரை ஏக்கரையும் விற்றுப் பணம் தரச் சொன்னாய். பத்திரம் பீரோவில், உன் ஞானஸ்நானச் சீட்டோடு ஒரே கவரில் இருக்கிறது. நான் குறுக்கே நிற்க மாட்டேன். அப்பாவுக்குப் பிறகு அதில் உன் தங்கச்சிக்கும் பங்கு உண்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். இப்போது பனை ஏறவும் ஆள் இல்லை. நாற்பது பனையில் போன வருஷம் ஆறில்தான் பதநீர் இறக்கினார்கள்.

ஆனால் நீ சொன்ன காரணம்தான் என்னைத் தூங்க விடவில்லை. இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு ஆபீஸ்காரர்களைக் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது என்றாய். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் வில்லா வாங்கிவிட்டார்கள் என்றாய். அந்தக் கூச்சத்தை எனக்கு நன்றாகத் தெரியும் ஐயா. அது உனக்கு அப்பா வழியில் வந்திருக்காது.

1988இல் உனக்கு நாலு வயது. காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. நெற்றியில் ஐஸ் வைக்கச் சொன்னார்கள். அப்போது நம் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் பிரிட்ஜ். எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலிலேயே 'கரண்ட் இல்லையே' என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் தலைக்கு மேலே பேன் சுற்றிக்கொண்டிருந்தது.

உன் காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. எனக்குள் ஏறியது இறங்கவில்லை. அப்பா நாசரேத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? பஞ்சர் ஒட்டி, வாடகை சைக்கிள் விட்டு, என் வாத்தியார் சம்பளத்தையும் சேர்த்தால் குடும்பம் தட்டில்லாமல் ஓடியது. நான்தான் ராத்திரி ராத்திரியாகச் சொல்லிச் சொல்லி அவரைச் சவூதிக்கு அனுப்பினேன். பிள்ளைகள் படிப்புக்கு என்று ஊரில் சொன்னோம். மனசுக்குள் நான் பிரிட்ஜைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1990இல் அவர் அனுப்பிய பணத்தில் திருநெல்வேலிக்குப் போய் 165 லிட்டர் பிரிட்ஜ் ஒன்று வாங்கி வேனில் கொண்டுவந்து இறக்கினேன். அடுக்களையில் இல்லை, போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி முன்னறையில். மேலே லேஸ் துணி, அதன் மேல் பிளாஸ்டிக் பூ. உள்ளே என்ன இருந்தது என்கிறாய்? தண்ணீர், கொஞ்சம் தோசைமாவு. மீன் வைத்தால் நாறும் என்று மீன்கூட வைக்கவில்லை. அந்த வாரமே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று சாட்சி வேறு சொன்னேன், 'கர்த்தர் எங்களுக்கு ஒரு பிரிட்ஜைக் கட்டளையிட்டார்' என்று. எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நீ இரண்டு வருஷமாக அப்பா முகத்தைப் பார்க்கவில்லை என்பதை நான் சாட்சியில் சேர்க்கவில்லை.

இப்போது டிவியில் பிரசங்கம் கேட்டால் ஆசீர்வாதம் என்ற வார்த்தைக்கே கார், பங்களா என்று அர்த்தம் ஆகிவிட்டது. எனக்கு எரிச்சல் வரும். அப்புறம் என் சாட்சி ஞாபகம் வந்து வாயை மூடிக்கொள்வேன்.

அப்பா தம்மாமில் எட்டுக் கட்டில் போட்ட ஓர் அறையில் இருந்தார். அங்கே கோயில் கிடையாது, வெளிப்படையாக ஆராதிக்கவும் முடியாது. 'வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு ஆறு பேர் உட்கார்ந்து சத்தம் வெளியே போகாமல் வாயை மட்டும் அசைத்துப் பாடுவோம்' என்று எழுதியிருந்தார். 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் வந்தது. தம்மாம் பக்கம் ஸ்கட் ஏவுகணை வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். மூன்று வாரம் கடிதம் இல்லை. ராத்திரியில் முன்னறையில் அந்தப் பிரிட்ஜ் மட்டும் உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்து ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று கேட்காதே, வார்த்தையாக ஒன்றும் வரவில்லை.

பிறகு வந்த கடிதத்தில் அவர் போரைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருந்தார். மீதி முழுக்க பிலிப்பியர் நாலாம் அதிகாரம். 'எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்' என்று பவுல் சொல்கிற இடம். அதில் 'கற்றுக்கொண்டேன்' என்ற வார்த்தைக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருந்தார். பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதினார் என்பதை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அப்போஸ்தலனே பிறக்கும்போது அதோடு பிறக்கவில்லை, படித்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார் என்பது அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கரும்பலகை முன்னால் நின்று பிழைத்தவளுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

1992இல் அப்பா திரும்பி வந்தபோது உனக்கு எட்டு வயது. வாசலில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அங்கிருந்து 'எம்மா, யாரோ வந்திருக்காவ' என்று கத்தினாய். அவர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். கைகால் கழுவப் போகிறேன் என்று கிணற்றடிக்குப் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அன்றைக்கும் சரி, சாகிற வரைக்கும் சரி.

மறுபடி சைக்கிள் கடையைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது எனக்கும் அவருக்கும் சண்டை வரும். ஒரு கட்டு முருங்கைக்காயை ஐம்பது ரூபாய்க்குக் கேட்பார். வீட்டுக் கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்கும்! 'நமக்கு எதற்கு?' என்றால் 'நமக்கு என்று யார் சொன்னது' என்பார். போகிற வழியில் யார் வீட்டிலாவது கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவார். அவர் பாக்கெட்டில் காசு இருந்த நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். ஆனால் அவரைப் போல் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிய மனிதரை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'போதும் என்று இரு' என்று எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது. பனையேறிகளிடம் அப்படிப் புத்தி சொன்னவர்களில் அவர்களுக்கே வட்டிக்குக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். உன் தாத்தா அந்தப் புத்தியைக் கேட்டிருந்தால் நான் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டேன். உன்னைப் படிக்கவைத்ததும் நீ சம்பாதிப்பதும் தப்பில்லை. ஆனால் அதே ஜனங்கள்தான் இல்லாமையிலும் கொடுத்தார்கள். 1903இல் நம் திருநெல்வேலிச் சபையார் வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு தேசத்துக்கு, தோர்ணக்கல்லுக்கு, ஊழியர்களை அனுப்பினார்கள். பனையை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனை அந்தச் சபைகளில்! அதை முன்னின்று நடத்திய அசரியா இதோ நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர், பிறகு 1912இல் அந்தத் தோர்ணக்கல்லுக்கே பேராயர் ஆனார். பக்கத்து மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி என்று நாம் பெருமை அடித்துக்கொள்வதும் உண்டு. அதிலும் கொஞ்சம் என் பிரிட்ஜ் வாடை அடிக்கத்தான் செய்கிறது.

ஆச்சி வைத்த பிடி அரிசிப் பானை உனக்கு ஞாபகம் இருக்கும். உலையில் போடும் முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி அதில் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். அரிசி கடன் வாங்கின நாளிலும் அந்தப் பிடி குறையாது. கடன் அரிசியில் காணிக்கையா என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது நானே போடுகிறேன். ஒருத்திக்கு ஆக்கும் அரிசியில் ஒரு பிடி எடுத்த பிறகும் சோறு மிஞ்சுகிறது, அதைக் கோழிக்கு வைக்கிறேன்.

அந்தப் பானை போன கார்த்திகையில் உடைந்தது. எலித் தொல்லை வேறு. கம்ப்ரஸர் போய்ப் பல வருஷமாகச் சும்மா நின்ற பிரிட்ஜுக்குள்தான் இப்போது பிடி அரிசி டின்னை வைத்திருக்கிறேன். கதவு இன்னும் சிக்கென்று மூடுகிறது, எலி கிட்டே வராது. பழைய இரும்புக்காரன் அறுநூறு ரூபாய் தருகிறேன் என்றான். விற்கவில்லை.

கோயிலில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை. பத்திரத்தை எடுக்க அப்போது வா. மருமகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. பந்தியில் உன் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று சொல்ல முடியாது, விளையில் பனை ஏறுகிறவராகவும் இருக்கலாம், சபைப் போதகர் ஐயராகவும் இருக்கலாம். சாப்பிட்டுவிட்டு விளைக்கு ஒரு நடை போய்ப் பார். பிறகு உன் இஷ்டம், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

பெங்களூர் பஸ்ஸில் இரண்டு கிலோ கருப்பட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன். காற்றுப் படாமல் வை, கசிந்துவிடும். உன் பிரிட்ஜில் வைக்காதே.

உன் அம்மா